அதட்டாமல் விட்ட என்ஜின்

1

அடிலெய்டுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் வந்திறங்கிய நாளில் என் மனைவி மணி கொஞ்சம் கேசரி கிளறுவாள், நான் திருச்செங்கோட்டில் இருக்கும் அவள் அண்ணன் செல்வராசுக்கு போன் போடுவேன். இந்த வருடம் அந்த நாளில் கேசரி ஆறிப்போனது. நான் வேலை செய்யும் பட்டறையில் ஒரு திரைக்கு முன்னால் நின்று ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 241.

என்ஜினின் குதிரைத் திறனை அளக்கும் மெஷின் அது. டைனோ என்பார்கள். தரையில் பதித்த பெரிய இரும்பு உருளைகளின் மேல் வண்டியின் பின்சக்கரங்களை ஏற்றி, வண்டி ஓடிவிடாமல் பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்க வேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும், உருளைகள் சுற்றும். அந்த உருளைகளை எவ்வளவு வேகமாக முடுக்க முடிகிறது என்பதைக் கணக்குப் போட்டு, சக்கரத்துக்கு வந்து சேர்ந்த குதிரைகள் இத்தனை என்று திரையில் ஒரு கோடு வரைந்து காட்டும்.

அன்று மெஷின் மேல் நின்றது ஐம்பது வருடப் பழைய வண்டி. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, எட்டு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். நம் ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டார்ட் செய்தால் எதிரில் நிற்பவரின் நெஞ்சுக்கூடு அதிரும். அதன் சொந்தக்காரர் ஃபிராங்க், எழுபத்து நான்கு வயது, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இளவயதில் புதிதாக வாங்கிய அதே வண்டியை இன்னும் வைத்திருக்கிறார். பதினைந்து வருடமாகக் கொட்டகையில் கிடந்ததை எங்களிடம் கொண்டுவந்து, "எனக்கு முன்னூறு குதிரை வேண்டும். ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டால் போதும்" என்றார். பட்டறை முதலாளி காலின் சரி என்று தலையாட்டிவிட்டு, என்ஜினை முழுக்கப் பிரித்துக் கட்டும் வேலையை என்னிடம் கொடுத்தார். இந்தப் பட்டறையில் நான் சேர்ந்து நான்கு வருடம். ஒரு முழு என்ஜினை என்னிடம் தனியாக விட்டது அதுதான் முதல் தடவை.

கணக்குப்படி குறைந்தது இருநூற்று எண்பது வந்திருக்க வேண்டும். 241 வந்தது. ஃபிராங்க் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

2

எங்கள் பக்கத்தில் எச்பி என்றால் கிணற்று மோட்டார்தான். அஞ்சு எச்பி, ஏழரை எச்பி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். என்ஜினுக்கு எத்தனை எச்பி என்று யாரும் கேட்டதில்லை. நானும் செல்வராசு மச்சானும் சங்ககிரி ரோட்டில் பட்டறை வைத்திருந்தபோது, போர் போடும் ரிக் வண்டிகளும் லாரிகளும் வரிசையாக நிற்கும். நான் பத்தாவது முடித்துவிட்டு ஸ்பேனர் பிடித்தவன். மச்சான் அதுவும் முடிக்கவில்லை. கஸ்டமரிடம் பேசுவது அவர், என்ஜினுக்குள் கையை விடுவது நான். எனக்குப் பேச்சு வராது. இன்றைக்கும் அப்படித்தான்.

எங்கள் அளவுகோல் தொப்பூர் கணவாய். பிரித்துக் கட்டிய லாரி முதல் லோடு ஏற்றிக்கொண்டு சேலம் தாண்டித் தருமபுரிப் பக்கம் ஏறும். மேலே போனதும் டிரைவர் லாரியை ஓரம் கட்டிவிட்டுக் கூப்பிடுவார். மச்சான் கேட்பது ஒரே கேள்வி.

"எந்த கியர்லீங்க ஏறுச்சு?"

மூன்றாவது என்றால் எங்களுக்கு டீயோடு பஜ்ஜி உண்டு. பலம் போதாமல் இரண்டாவதுக்கு இறங்கியது என்றால் மச்சான் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"மாப்ளே, பஜ்ஜி இல்லீங்க. மறுக்கா அவுக்கோணும்."

இன்னொரு வழக்கமும் இருந்தது. புதிதாகக் கட்டிய என்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்ததும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, அப்படியே மெதுவாக ஓட விட்டுவிடுவோம். ஐட்லிங் மட்டும்தான். காலையில் எழுப்பினால் பொழுது சாயும் வரை அது பாட்டுக்கு முனகிக்கொண்டிருக்கும். யாராவது டிரைவர் ஆசைப்பட்டு ஆக்சிலேட்டரில் காலை வைத்தால் மச்சான் பட்டறைக்குள்ளிருந்தே சத்தம் போடுவார்.

"ஏனுங்க, பச்ச ஒடம்புங்க அது. இன்னிக்கே ரைஸ் குடுக்கறீங்களே. அதட்டாதீங்க சாமி."

பிள்ளை பெற்றவளைப் போலத்தான் அதைப் பார்த்துக்கொண்டோம். எனக்கு அந்த நாள் மிகவும் பிடிக்கும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். எத்தனையோ டீசல் என்ஜின்களை அப்படி எழுப்பினோம். ஒன்றும் கெட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

3

இந்த நாட்டுக்கு நான் வந்தது சுரங்கத்தில் துளை போடும் ரிக்குகளைப் பழுது பார்க்க. அதற்கு முன் என் கைவேலையைச் சோதிக்க போனில் ஒரு நேர்காணல் வைத்தார்கள். அதற்கே எட்டு மாதம் காத்திருந்தேன். ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்டார்கள், இல்லை. சம்பளச் சீட்டு கேட்டார்கள், சொந்தப் பட்டறையில் யார் யாருக்குச் சம்பளச் சீட்டு தருவது? கடைசியில் ரிக் முதலாளிகள் ஏழு பேரிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன். ஏழும் ஒரே கையெழுத்தில் இருக்கிறதே என்று கேட்டார்கள். ஏழு பேருக்கும் எழுதித் தந்தது ஒரே கணக்குப்பிள்ளை என்று விளக்க இன்னொரு கடிதம் போனது.

நேர்காணலில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

"தம்பி, என்ஜினைத் திருத்தினாப் பிறகு அதின்ரை சக்தியை எப்பிடி உறுதிப்படுத்துவீங்கள் எண்டு கேக்கிறார்."

"தொப்பூர்லைங்க."

"தொப்பூர் எண்டா? அது என்ன மெஷினோ?"

"மெஷின் இல்லீங்கம்மா, ஏத்தம். எந்த கியர்ல ஏறுதுன்னு பார்ப்போமுங்க."

அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரிப்போடு அவர் ஆங்கிலத்தில் என்ன சொன்னாரோ, அந்தப் பக்கம் அதிகாரியும் சிரித்தார். பிறகு டைப் அடிக்கும் சத்தம் கேட்டது. சுமை ஏற்றிச் சோதிக்கிறார் என்று எழுதிக்கொண்டாராம். அந்த ஒரு வரியில் என் தலையெழுத்து மாறியது.

இங்கே எல்லாமே எழுத்துதான் என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும்.

4

காலினின் பட்டறையில் ஒவ்வொரு என்ஜினுக்கும் ஒரு தாள் உண்டு. போல்ட்டை எவ்வளவு இறுக்கினோம், பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி விட்டோம் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் டிக் போட்டு, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு பிரதி வண்டிக்காரருக்குப் போகும்.

அதில் ஒரு கட்டம் முதல் ஸ்டார்ட் பற்றியது. என்ஜின் எழுந்த நொடியிலேயே நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றுக்கு மேல் கொண்டுபோக வேண்டும், இருபது நிமிடம் அதில் நிறுத்த வேண்டும், ஐட்லிங்கில் விடவே கூடாது என்று இருக்கும். காரணம் கேம் ஷாஃப்ட். வால்வுகளைத் தூக்கி இறக்கும் மேடுகள் அதில்தான் இருக்கின்றன. இந்தப் பழைய பெட்ரோல் என்ஜின்களில் புது மேடும் அதன் மேல் உட்காரும் டேப்பட்டும் முதல் அரைமணி நேரத்தில்தான் ஒன்றுக்கொன்று பழகும். என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் எண்ணெய் தெறித்து அங்கே போய்ச் சேரும். மெதுவாக விட்டால் இரும்பு இரும்பைத் தின்னும். இதெல்லாம் எனக்குத் தெரியும். காலின் ஒரு தடவை படம் வரைந்தே காட்டியிருக்கிறார்.

ஃபிராங்க் வண்டியை எழுப்பிய அன்று காலின் வெளியூர் போயிருந்தார். ஃபிராங்க் மட்டும் வந்து பக்கத்தில் நின்றார். சாவியைத் திருப்பியதும் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பதினைந்து வருடம் ஊமையாகக் கிடந்த வண்டி. ஃபிராங்க் பானட்டின் விளிம்பில் கையை வைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் அசைந்தது.

என் கால் ஆக்சிலேட்டருக்குப் போகவே இல்லை. அந்த மனிதர் பக்கத்தில் அப்படி நிற்கும்போது, பச்சை உடம்பாக எழுந்த ஒன்றை அதட்ட எனக்கு மனசு வரவில்லை. எண்ணெய் ஒழுகுகிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா என்று குனிந்து பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் அதை முனக விட்டேன். சங்ககிரி ரோட்டுப் பட்டறையின் வாசனைகூட வந்தது. அதற்குப் பிறகுதான் இரண்டாயிரத்துக்கு ஏற்றி இருபது நிமிடம் ஓட்டினேன்.

அந்தக் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். இருபது நிமிடம் ஓட்டியது உண்மைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5

241 வந்த பிறகு காலின் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். வேகம் ஏற ஏற கார்புரேட்டர் வழியாக என்ஜின் இருமியது. பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து, அதை அளந்து விடும் ஜெட்டுகளை மாற்றினார். தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினார். 244 வந்தது. பிறகு 249. அதற்கு மேல் ஒரு குதிரைகூட நகரவில்லை.

எனக்கு வேறொரு சத்தம் கேட்டது. இருமலுக்கு அடியில் ஒரு சின்னத் தட்டல். இரண்டாம் நாள் மதியம் காலின் ஜெட் வாங்கப் போனபோது மேல்மூடியைக் கழற்றி, கையால் என்ஜினைச் சுற்றி, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு எழுகிறது என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். பதினைந்து வால்வுகள் ஒரே அளவு எழுந்தன. ஐந்தாம் சிலிண்டரில் புகை வெளியேறும் வால்வு மட்டும் பாதி உயரம்கூட வரவில்லை. அதன் மேடு தேய்ந்து போயிருந்தது. உள்ளே தங்கிய புகைதான் வேறு வழி இல்லாமல் கார்புரேட்டர் பக்கம் இருமியிருக்கிறது.

காலின் வந்ததும் கேஜைக் காட்டினேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"நல்லா கண்டுபிடிச்ச, சாமி." பழனிசாமி என்ற என் பெயர் அவர் வாயில் சாமி என்று சுருங்கிவிட்டது. ஊரில் பெரியவர் முதல் பச்சைக்குழந்தை வரை எல்லாரையும் அப்படிக் கூப்பிடுவோம் என்று அவருக்குத் தெரியாது. "இப்பல்லாம் வர்ற கேம் எல்லாம் குப்பை. இரும்பே சரியில்ல. சப்ளையருக்கு எழுதிப் புதுசு வாங்கிடலாம். உன் தாளையும் சேர்த்து அனுப்பறேன். நீதான் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டிருக்கியே, அவங்க ஒண்ணும் பேச முடியாது."

நான் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். துடைத்ததையே மறுபடி எடுத்துத் துடைத்தேன்.

6

என் மகள் தாரணிக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். அவசரம் என்றால் மட்டும் தமிழ் வரும். அடுத்த வருடம் மெல்போர்னுக்குப் படிக்கப் போகிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறாள், அந்தக் காரில் கியரே கிடையாது. தொப்பூரைப் பற்றி ஒரு தடவை சொன்னேன். "எதுக்கு மலை வரைக்கும் போகணும்?" என்றாள்.

அன்று சாயந்திரம் அவளிடம் நடந்ததைச் சொல்லி, காலினிடம் சொல்ல ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதித் தரச் சொன்னேன். போனில் மளமளவென்று அடித்து வாசித்துக் காட்டினாள். என்ஜினைப் பழக்கியதில் ஒரு சிக்கல் இருந்திருக்கக்கூடும் என்று அதற்கு அர்த்தம்.

"இதுல நான் எங்கே சாமி இருக்கேன்?"

"எல்லாரும் இப்படித்தான்ப்பா ஈமெயில் எழுதுவாங்க. பொலைட்டா இருக்கும்."

"யார் செஞ்சாங்கன்னு இல்லையே."

"ஏம்ப்பா உங்களை நீங்களே மாட்டி விடணும்? அவரே சப்ளையர் மேல போடறாரு. சும்மா இருந்தா முடிஞ்சுபோச்சு."

"கையெழுத்து என்னுதாச்சே."

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அழித்துவிட்டு நான்கே சொல்லில் ஒன்று எழுதினாள். அதைச் சரியாகச் சொல்லும் வரை என்னை விடவில்லை. "சத்தமா சொல்லுங்கப்பா. உங்களுக்கே கேக்கல" என்று மூன்று தடவை சொல்லவைத்தாள். சமையலறையிலிருந்து மணி எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் என்ன நாடகம் படிக்கறீங்களா?" என்றாள். பல மாதங்களுக்குப் பிறகு தாரணியும் நானும் ஒரே மேசையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

தூங்கும் முன் மச்சானுக்கு போன் போட்டேன். கதையை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"மாப்ளே, நானொண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க மச்சான்."

"உங்க தங்கமான கொணமே அதானுங்க. நீங்க யாரையும் அதட்ட மாட்டீங்க. அரிசிக்கடைக்காரன் கல்லைக் கலந்து போட்டாக்கூட வாங்கிட்டு வந்து ஊட்டுல உக்காந்து பொறுக்குவீங்க. என்ஜினும் உங்களாட்டமே மெதுவாப் பேசோணும்னு நெனச்சுப்போட்டீங்க."

"பச்ச ஒடம்புன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"நாஞ்சொன்னது ரிக்கு என்ஜினுக்குங்க. நீங்க அதைக் கொண்டுபோயி அக்கட்டச் சீமையில போடுவீங்கன்னு நான் கண்டனா?" சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "அந்தப் பெரியவருகிட்டயும் சொல்லிப்போடுங்க. வண்டிக்காரங்ககிட்ட நாம ஒரு நாளும் பொய் சொன்னதில்லீங்க" என்றார்.

7

மறுநாள் காலை காலின் தாளை எடுத்து உறைக்குள் வைக்கும்போது போய் நின்றேன். நான்கு சொல்லையும் சொன்னேன். நான்தான் அதை ஐட்லிங்கில் விட்டேன் என்று அர்த்தம். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன். அடுத்த அறையில் இருந்த கணக்கு எழுதும் பெண் தலையைத் திருப்பினாள்.

காலின் உறையை மேசையில் வைத்தார். "எவ்வளவு நேரம்?" என்று மட்டும் கேட்டார். கால் மணி நேரம் என்றேன். ஏன் என்றார். அதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. தொப்பூரும் எலுமிச்சம்பழமும் பச்சை உடம்பும் எந்த நாலு சொல்லில் அடங்கும்? "எங்க ஊர்ல அப்படித்தான்" என்றேன். அவர் உறையிலிருந்து தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "இரும்பு சரியில்லாமலும் இருந்திருக்கலாம். ஆனா இந்தத் தாளை நான் அனுப்ப முடியாது" என்றார்.

ஃபிராங்குக்கு நானே போன் செய்து சொன்னேன். அவர் பழைய டிரைவர். "அன்னைக்கு நானும்தானே பக்கத்துல நின்னேன். அந்த முனகல் எனக்கும் நல்லாத்தான் இருந்தது" என்றார். எப்போது தயாராகும் என்று கேட்டுவிட்டு வைத்தார்.

தேய்ந்த இரும்புத் தூள் என்ஜின் முழுக்கப் பரவியிருந்தது. மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, புதுக் கேமும் பதினாறு புது டேப்பட்டும் போட்டுக் கட்ட மூன்று வாரம் ஆனது. முதல் ஸ்டார்ட் அன்று காலின் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "சாப்பாடு வாங்கிட்டு வர்றேன், நீ ஆரம்பி" என்று கிளம்பிவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் கார் ரோட்டில் திரும்பியது. நின்று பார்ப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். என்னை நம்பி அவர் போனதுதான் எனக்குக் கனமாக இருந்தது.

சாவியைத் திருப்பினேன். பிடித்த நொடியிலேயே மிதித்து இரண்டாயிரத்து இருநூறில் நிறுத்தினேன். தகரக் கூரை அதிர்ந்தது. எதிர்ப்பட்டறை டயர்காரர் வெளியே வந்து பார்த்தார். தெருவில் நாயோடு போன ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டாள். கை தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே சுற்றிலேயே நின்றேன். வாழ்நாளில் நான் போட்ட மிகப் பெரிய சத்தம் அதுதான். இருபது நிமிடம் முழுசாகப் போட்டேன்.

டைனோவில் முதல் ஓட்டத்தில் 278 வந்தது. தீப்பொறி நேரத்தை இரண்டு டிகிரி முன்னே தள்ளினோம், 286. ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கினோம், 291. என்ஜின் மேல் நிற்கும் சூட்டுக் காற்றை விட்டு, முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று வரும்படி ஒரு குழாய் வைத்தேன், 297. அதற்கு மேல் வரவில்லை. அறையின் வெப்பத்தை மெஷினில் கொஞ்சம் மாற்றிப் போட்டால் முன்னூறு காட்டும் என்று காலின் கண்ணடித்தார். நான் ஃபிராங்கைப் பார்த்தேன்.

"மூணு குதிரை தானே? என் முதுகு மட்டுமே அதுக்கு மேல இழந்திருக்கு" என்றார் ஃபிராங்க். 297 என்றே எழுதச் சொன்னார்.

புதுத் தாளில் எல்லாக் கட்டத்துக்கும் டிக் போட்டேன். கடைசியில் குறிப்பு எழுத நான்கு வரி இடம் இருக்கும். இதுவரை நான் அதில் ஒன்றும் எழுதியதில்லை. முதல் கேம் தேய்ந்துபோனது, அதை நான் ஐட்லிங்கில் விட்டேன், இரண்டாவதை விடவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று பிறகு தாரணி சொன்னாள். ஃபிராங்க் அந்தத் தாளை மடித்து வண்டியின் முன்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

இந்த நகரத்துக்குக் கிழக்கே மலை இருக்கிறது. லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் நீண்ட சாலை. அன்று மதியம் என்னை ஏற்றிக்கொண்டு போன ஃபிராங்க், அதன் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, என்னை ஸ்டியரிங் பக்கம் உட்காரச் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அடுத்த பக்கம் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

மேலே போய் ஓரம் கட்டியதும் மச்சானுக்கு போன் போட்டேன். அங்கே காலை நேரம். பட்டறையில் யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த கியர்லீங்க ஏறுச்சு?"

"நாலாவதுலயே, மச்சான். டாப்புல."

சுத்தியல் சத்தம் நின்றது. தட்டுகிறவரை அவர் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும்.

"அதட்டுனீங்களா?"

"அதட்டினேனுங்க."